முந்திரிக்கு எது உறவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதிகளில் அடிக்கடி தென்படும் அறிவுரை இது: “கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருந்தால் முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட், நிலக்கடலை, தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.” மளிகைக் கடையில் எது எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதை வைத்து எழுதிய பட்டியல் போலத்தான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைக் கடைப்பிடிக்கவும் முடியாது. தேங்காயை நிறுத்தினால் இங்கே அவியலும் இல்லை, மீன் குழம்பும் இல்லை. அதைவிட மோசம், பட்டியல் நீளமாக இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆபத்து என்று எண்ணிக்கொண்டு, முதலில் தவிர்க்க வேண்டியதைக் கோட்டைவிடுகிறார்கள். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தா குல்ஃபி வாங்கிக் கொடுப்பது அப்படி நேரும் தவறு.

எது எதற்கு உறவு என்று அறிய விதைப் புரத மரபணுக்களின் கிளைமரத்தைத்தான் (எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வரைபடம்) பார்க்க வேண்டும். தாவர மரபியலும் உயிர்வேதியியலும் கற்பிப்பவர்கள் நாங்கள். அந்த மரத்தை எப்படிப் படிப்பது, மாணவர்கள் அதை எப்படிப் போடுவது, எங்கெங்கே பிசகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். திரும்பிய பக்கமெல்லாம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) இருக்கும் மாவட்டம் இது. இங்கே இதைப் படிக்க ஆள் இருக்கும் என்று நம்புகிறோம்.

முந்திரிப் பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். முளைவிடும் கன்றுக்குச் சேர்த்துவைத்த சாப்பாடு அது. அதில் பெரும்பகுதி மூன்று வகை: 2எஸ் அல்புமின், 7எஸ் விசிலின், 11எஸ் லெகுமின். எஸ் என்பது ஸ்வெட்பெர்க் அலகு. மையவிலக்குக் கருவியில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதன் அளவு. அல்புமின் தண்ணீரில் கரையும். மற்ற இரண்டும் குளோபுலின்கள், உப்புக் கரைசலில் கரையும். இப்படிக் கரைதிறனை வைத்து விதைப் புரதங்களைப் பிரித்தவர் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் பர் ஆஸ்பார்ன். ஒவ்வாமையுள்ளவர் உடலில் ஐஜிஇ எதிர்ப்பொருள் (ஒவ்வாமையைத் தூண்டும் ரத்தப் புரதம்) போய்ப் பற்றுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான்.

7எஸ், 11எஸ் இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் வழிவந்தவை. குப்பின் என்ற பெருங்குடும்பம் அது. பீப்பாய் வடிவில் மடிந்த ஒரு புரதத் துண்டுதான் அதன் அடையாளம். பழைய குப்பின்களில் ஒரு பீப்பாய். அந்த மரபணு தன்னையே நகலெடுத்து ஒட்டிக்கொண்டதில் இரண்டு பீப்பாய் உள்ள விதைப் புரதம் பிறந்தது. பிறகு அதுவும் இரண்டாகப் பிரிந்து, விசிலின் மூன்று மூன்றாகச் சேர்ந்தும் லெகுமின் ஆறு ஆறாகச் சேர்ந்தும் விதைக்குள் அடுக்கப்படுகின்றன. லெகுமினின் ஒவ்வொரு அலகும் வெட்டுப்பட்டு, சுமார் 20 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) காரச் சங்கிலியாகவும் அதைவிடப் பெரிய அமிலச் சங்கிலியாகவும் ஆகி, ஒரு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

2எஸ் அல்புமினுக்கு வேறு பூர்வீகம். 12 முதல் 15 கிலோடால்டன் மட்டுமே எடையுள்ள சின்னப் புரதம். புரோலமின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எட்டு சிஸ்டைன்கள் (கந்தகமுள்ள அமினோ அமிலம்) எந்தத் தாவரத்திலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வரும்: ஒன்று, ஒன்று, அடுத்தடுத்து இரண்டு, நடுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் விட்டு இரண்டு, பிறகு ஒன்று, ஒன்று. இவை நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளாக இறுகுவதால் வயிற்றின் பெப்சினால் இதை எளிதில் அறுக்க முடிவதில்லை. கொதிக்கும் சூட்டையும் பெருமளவு தாங்கும். ஆலையில் போர்மாவில் (பருப்பு உலர்த்தும் அறை) 70 டிகிரி அளவில் மணிக்கணக்கில் கிடந்தாலும், வீட்டில் நெய்யில் பொன்னிறமாக வறுத்தாலும், பாயசத்தில் கொதித்தாலும் இந்தப் புரதம் ஒவ்வாமை தரும் தன்மையோடுதான் இருக்கும். ‘வறுத்துவிட்டால் பரவாயில்லை’ என்று சொல்வதை இங்கே அடிக்கடி கேட்கிறோம். முந்திரியைப் பொறுத்தவரை அது ஆபத்தான பேச்சு.

இனி உறவுக்கு வருவோம். முந்திரி, பிஸ்தா, மா மூன்றும் அனகார்டியேசி குடும்பம். சேராங்கொட்டையும் சாரப்பருப்பும் அதே குடும்பம். கொஞ்சம் மேலே ஏறினால் சாபிண்டேலிஸ் வரிசையில் வேம்பும் எலுமிச்சையும் இவற்றுக்குத் தூரத்து உறவு. அக்ரூட், பெக்கன், ஹேசல்நட் ஆகியவை ஃபேகேலிஸ் என்ற வேறு வரிசை. பாதாம் ரோஜா குடும்பம். பீச்சும் பிளம்ஸும் அதன் சொந்தம். நிலக்கடலை அவரைக் குடும்பம், அது மரக்கொட்டையே கிடையாது. பிரேசில் நட் லெசித்திடேசி. கோயில் வளாகங்களில் பூத்துக் கிடக்கிற நாகலிங்க மரத்தின் குடும்பம் அது. தேங்காயோ பனையோடு சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம்; முந்திரியின் முன்னோரும் தென்னையின் முன்னோரும் பிரிந்து 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே தேங்காயை நீண்ட காலம் மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்து 2025 ஜனவரியில்தான் நீக்கியது. தேங்காய்க்கே தனியாக ஒவ்வாமை வருபவர்கள் உண்டு, குறைவு. அதை முந்திரியின் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நம் பள்ளி வளாகங்களில் பிள்ளைகள் கல்லால் உடைத்துத் தின்னும் நாட்டு வாதுமை, கடைப் பாதாமுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. அது மருத மரத்தின் குடும்பம்.

ஆக, முந்திரி ஆகாதவர் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை முதலில் ஒதுக்க வேண்டியது பிஸ்தா. பிஸ்தா ஆகாதவர் ஒதுக்க வேண்டியது முந்திரி. அக்ரூட் ஆகாதவர் பெக்கனை. மாம்பழச் சதைக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இந்தச் சேமிப்புப் புரத மரபணுக்கள் விதை முற்றும் பருவத்தில் விதைக்குள் மட்டுமே தீவிரமாக இயங்குகின்றன; சதையில் அவை ஏறத்தாழ உறங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் முந்திரி ஆகாத பலர் மாம்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். கொல்லாம்பழத்தில் (முந்திரிப் பழம்) மட்டும் கவனம் தேவை. பழம் என்று நாம் சொல்வது பருத்த காம்பு. ஆனால் கொட்டை அதன் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டையைத் திருகிய கையோடு பழத்தைப் பிழிந்தால் சாற்றில் என்ன கலந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கொல்லாம்பழச் சாற்றில் முந்திரிப் புரதங்களைக் கண்டறிந்த ஆய்வும் உண்டு.

சர்வதேச ஒவ்வாமைப் பெயரிடும் முறை பலரைக் குழப்பிவிடும் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பேரினப் பெயரின் முதல் மூன்று எழுத்து, சிற்றினப் பெயரின் முதல் எழுத்து, ஓர் எண். எண் என்பது கண்டுபிடித்த வரிசை மட்டுமே, புரத வகை அன்று. முந்திரியில் (அனகார்டியம் ஆக்சிடென்டேல்) ஆனா ஓ 1 விசிலின், ஆனா ஓ 2 லெகுமின், ஆனா ஓ 3 தான் 2எஸ் அல்புமின். பிஸ்தாவில் பிஸ் வி 1 என்பது 2எஸ் அல்புமின். பிஸ் வி 2, பிஸ் வி 5 இரண்டும் லெகுமின். பிஸ் வி 3 விசிலின். அக்ரூட்டில் ஜக் ஆர் 1 அல்புமின், 2 விசிலின், 4 லெகுமின். நிலக்கடலையில் ஆரா எச் 1 விசிலின், 2 அல்புமின், 3 லெகுமின். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஆனா ஓ 3’ என்று வந்தால் ‘ஆரா எச் 3’ஓடு ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் ஒன்றாக இருப்பதில் எந்தப் பொருளும் இல்லை. ஆனா ஓ 3-ஐ ஒப்பிட வேண்டியது பிஸ் வி 1-ஓடு.

பிஸ்தாவின் அந்த இரண்டு லெகுமின்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் மரபணு மரத்துக்கும் தாவர மரத்துக்கும் (தாவரங்களே பிரிந்த வரலாற்றைக் காட்டும் கிளைமரம்) உள்ள வேறுபாடு விளங்கும். முந்திரியின் ஆனா ஓ 2 புரதவரிசையை எடுத்து பிஸ்தாவின் இரண்டோடும் ஒப்பிட்டால், பிஸ் வி 5 மிக நெருக்கமாக வந்து ஒட்டுகிறது. பிஸ் வி 2 எட்டியே நிற்கிறது. அதாவது பிஸ்தா மரத்துக்குள்ளேயே இருக்கும் இரண்டு லெகுமின்களைவிட, ஒரு பிஸ்தா லெகுமினும் ஒரு முந்திரி லெகுமினும் நெருக்கம். காரணம், இரண்டு லெகுமின்களும் பிரிந்தது முந்திரியும் பிஸ்தாவும் தனித்தனி மரங்களாகப் பிரிவதற்கு முன்பே. மரங்கள் பிரிந்ததால் பிரிந்த நகல்களை ஆர்த்தலாக் என்பார்கள். ஒரே மரபணுத் தொகுதிக்குள் (ஒரு தாவரத்தின் மொத்த மரபணுக்கள்) நகலெடுப்பால் பிரிந்தவற்றை பாராலாக் என்பார்கள். ஒரே தரவாட்டில் பாகம் பிரிந்து ஆளுக்கொரு வழி போன பங்காளிகள் இந்த பாராலாக்குகள். குறுக்கு ஒவ்வாமையைக் (ஒன்று ஒவ்வாதவருக்கு அதன் உறவும் ஒவ்வாமல் போவது) கணிக்க ஆர்த்தலாக்கைத்தான் தேட வேண்டும். ‘லெகுமினுக்கு லெகுமின்’ என்று ஏதோ இரண்டை எடுத்து ஒப்பிட்டு, ‘ஒற்றுமை குறைவு, ஆபத்தில்லை’ என்று முடிவு கட்டினால் அது பிஸ் வி 2-ஐ மட்டும் பார்த்து பிஸ் வி 5-ஐத் தவறவிட்ட கதையாகிவிடும்.

இந்த மரபணுக் குடும்பத்தை அலட்சியமாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. சோயாவில் மெத்தியோனைன் குறைவு. அதை ஈடுகட்ட, மெத்தியோனைன் நிறைந்த பிரேசில் நட் 2எஸ் அல்புமின் மரபணுவை ஓர் அமெரிக்க விதை நிறுவனம் சோயாவில் ஏற்றியது. கால்நடைத் தீவனத்துக்கான சோயா அது. பிரேசில் நட் ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தச் சீரத்தில் அந்த சோயாவைப் பரிசோதித்தபோது ஐஜிஇ வந்து ஒட்டியது. தோல் பரிசோதனையிலும் தடிப்பு எழுந்தது. முடிவுகள் 1996-இல் வெளியாயின; அந்த சோயா சந்தைக்கு வரவே இல்லை. மரபணு எந்தச் செடிக்குப் போனாலும் அதன் புரதம் ஒவ்வாமையையும் கூடவே கொண்டுபோகும். இதன் பிறகு மரபணு மாற்றப் பயிர்களுக்கு உலக அளவில் ஓர் ஆரம்பச் சல்லடை வந்தது: 80 அமினோ அமில நீளத்தில் 35 சதவீதத்துக்கு மேல் தெரிந்த ஒவ்வாமைப் புரதத்தோடு ஒத்துப்போனால் மேலும் சோதிக்க வேண்டும். இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. 35 சதவீதம் ஒத்திருக்கும் பல புரதங்கள் குறுக்கே வினைபுரிவதே இல்லை. பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம், 50-க்குக் கீழே அரிது என்பது ஒவ்வாமை ஆய்வாளர்களின் அனுபவக் கணக்கு.

இனி, கிளைமரம் போட விரும்பும் முதுகலை மாணவர்களுக்கு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதைப் பாடத்திட்ட ஆய்வாக எடுக்கிறவர்கள் உண்டு. சாதாரண மடிக்கணினியே போதும். பெரும்பாலும் கெட்டுப்போவது கணிப்பில் அல்ல, வரிசைகளைச் சேகரிப்பதில்தான்.

முதலில் உறுதியான சில விதைப் புரத வரிசைகளை யூனிப்ராட் புரதத் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள்: முந்திரியின் மூன்று, பிஸ்தாவின் நான்கு, அக்ரூட், ஹேசல்நட், பாதாம், நிலக்கடலை ஆகியவற்றின் இணைகள். பிறகு அக்ரூட் (2016), பிஸ்தா (2019), நிலக்கடலை (2019) போன்று வெளியான முழு மரபணுத் தொகுதிகளில் மீதிப் பிரதிகளைத் தேடுங்கள். பிளாஸ்ட் (நேரடி வரிசை ஒப்பீட்டு நிரல்) மட்டும் போட்டால் தூரத்து உறுப்பினர்கள் தப்பிவிடும். குப்பின் களத்தின் (மேலே சொன்ன பீப்பாய்த் துண்டு) பிஃபாம் மாதிரியை (புரதக் குடும்பத்தின் பொது வார்ப்பு) வைத்து ஹெச்எம்மர் நிரலில் தேடுங்கள். இங்கேதான் முதல் குழி. அந்த மாதிரி ஒற்றைப் பீப்பாய் ஜெர்மின் புரதங்களையும் வாரிக்கொண்டு வரும். ஒரு தாவரத்தில் ஜெர்மின் வகை மட்டுமே பத்துக்கணக்கில் இருக்கும். இரண்டு குப்பின் களமும் இருக்கிறதா, நீளம் 400 அமினோ அமிலத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்து வடிகட்டாமல் மரம் போட்டால், ‘விதைப் புரத மரபணுக்கள் ஐம்பது’ என்று அபத்தமான எண்ணிக்கை வரும். 2எஸ் அல்புமினில் இதே சிக்கல் வேறு உருவில் வரும்: அதன் பிஃபாம் மாதிரி லிப்பிடு கடத்தும் எல்டிபி புரதங்களையும் பிடித்துவிடும். எல்டிபியிலும் எட்டு சிஸ்டைன்தான். ஆனால் அது விதைச் சேமிப்புப் புரதம் இல்லை. பீச், அக்ரூட் ஒவ்வாமையில் அதற்குத் தனிக் கதை.

இரண்டாவது குழி நகல் எண்ணிக்கை. ஒரே மரபணுவின் பல டிரான்ஸ்கிரிப்ட் (ஆர்என்ஏ படி) வடிவங்கள் தரவுத்தளத்தில் தனித்தனிப் புரதமாக இருக்கும்; மரபணுவுக்கு ஒன்று, மிக நீளமானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்க்கும் மரம், ஒரு மரத்துக்குள்ளேயே இரண்டு அல்லீல்களும் (ஒரே மரபணுவின் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள்) நன்றாக வேறுபட்டிருக்கும். மரபணுத் தொகுதியைக் கோக்கும்போது அவை சேராமல் போனால் ஒரே மரபணு இரண்டாகத் தெரியும்; நீங்கள் அதை ‘அண்மைக்கால நகலெடுப்பு’ என்று எழுதிவிடுவீர்கள். குட்டைத் துணுக்கு வரிசைகளால் கோத்த தொகுதிகளிலோ எதிர்மாறு: அடுத்தடுத்துள்ள நகல்கள் ஒன்றாக நசுங்கி எண்ணிக்கை குறையும். நிலக்கடலை நான்மயம் (குரோமோசோம்கள் நான்கு தொகுதியாக உள்ளது), அதன் ஆரா எச் 2 இரண்டு வடிவில் வருவது ஏ, பி என்ற இரண்டு பழைய மரபணுத் தொகுதிகளிலிருந்து. அதையும் நகலெடுப்பு என்று எழுதக் கூடாது. அக்ரூட்டுக்கு 2என் (குரோமோசோம் எண்ணிக்கை) = 32; அதன் முன்னோரில் முழு மரபணுத் தொகுதியுமே ஒருமுறை இரட்டித்திருக்கிறது, பெக்கனும் அதைப் பங்கிடுகிறது, ஹேசல்நட்டுக்கு அது கிடையாது. எனவே அக்ரூட்டில் இரண்டு, ஹேசல்நட்டில் ஒன்று என்று வந்தால் அக்கம்பக்க மரபணுக்களின் வரிசையையும் பார்த்துவிட்டே பேச வேண்டும். பக்கத்து மரபணுக்களும் அதே ஒழுங்கில் இரட்டித்திருந்தால் அது முழுத் தொகுதி இரட்டிப்பின் மிச்சம். ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கியிருந்தால் இடத்திலேயே நடந்த நகலெடுப்பு.

அலைன்மென்டுக்கு (வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவது) மாஃப்ட் நிரலின் எல்-ஐஎன்எஸ்-ஐ முறை, இருநூறு வரிசைக்குள் இருந்தால் நன்று. அதற்கு முன் முன்னொட்டாக வரும் சிக்னல் பெப்டைடை வெட்டிவிடுங்கள். அது வேகமாக மாறும் பகுதி, குழப்பத்தையே கூட்டும். விசிலினில் இன்னொரு தொந்தரவு: அக்ரூட், மக்கடாமியா போன்றவற்றில் என்-முனையில் (புரதத்தின் தொடக்கத்தில்) சிஸ்டைன் மிகுந்த ஒரு நீண்ட முன்பகுதி உண்டு. மக்கடாமியாவில் அதிலிருந்து பூஞ்சையைத் தடுக்கும் சிறு பெப்டைடுகளே பிறக்கின்றன. சில விசிலின்களில் அந்தப் பகுதியே இராது. இருப்பதையும் இல்லாததையும் ஒன்றாக அலைன் செய்தால் நிரல் இல்லாத ஒற்றுமையை இழுத்துப் பொருத்தும். குப்பின் களங்களை மட்டும் தனியே வெட்டி மரம் போடுங்கள். முன்பகுதியைத் தனியே ஆராயுங்கள், அதிலும் ஐஜிஇ ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. 2எஸ் அல்புமினில் அலைன்மென்ட் சரியா என்று பார்க்க எளிய வழி: எட்டு சிஸ்டைன் நெடுவரிசைகளும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று தள்ளி நின்றாலும் திரும்பச் செய்யுங்கள். ட்ரிம்ஏஎல் போன்ற நிரலால் இடைவெளி மிகுந்த நெடுவரிசைகளைக் கத்தரிக்கலாம். அல்புமின் ஏற்கெனவே குட்டை என்பதால் அங்கே கத்தரியை மெதுவாகப் போடுங்கள்.

மரம் போட ஐக்யூ-ட்ரீ நிரல். வரிசை மாறும் விதத்துக்கான கணித மாதிரியை அதன் மாடல்ஃபைண்டரே தேர்ந்தெடுக்கட்டும். ஆயிரம் அதிவேக பூட்ஸ்ட்ராப் (கிளைகளின் உறுதியை மறுமாதிரி எடுத்துச் சோதிப்பது) போடுங்கள். இதில் ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் காணும் பிழை: பழைய வகை பூட்ஸ்ட்ராப்பில் 70 என்றால் தாங்கலாம், அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95-க்குக் கீழே உள்ள கிளையை நம்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்து ‘82 வந்தது, வலுவான ஆதரவு’ என்று எழுதுகிறார்கள். அல்புமின் மரத்தில் ஆழமான கிளைகள் எப்படியும் தளர்ந்துதான் நிற்கும்; நூற்றுச்சொச்சம் அமினோ அமிலத்தில் அதற்கு மேல் தகவல் இல்லை. தளர்ந்த கிளையைத் தளர்ந்தது என்றே எழுதுங்கள், அழகுக்காக மறைக்காதீர்கள்.

வேரிடாத மரத்தைப் பார்த்து எது மூத்தது என்று சொல்ல முடியாது. 7எஸ் மரத்துக்கு 11எஸ் வரிசைகளையும், 11எஸ் மரத்துக்கு 7எஸ் வரிசைகளையும் வெளிக்குழுவாக (வேரைக் காட்டும் தூரத்து உறவாக) வைக்கலாம். பூக்காமல் விதை தரும் தாவரமான கிங்கோவின் லெகுமினைச் சேர்த்தால் வேர் இன்னும் நிலைக்கும். காலம் கணக்கிட விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல நங்கூரம் உண்டு: ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில், சுமார் 4.7 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கில், பருத்த காம்போடு சேர்ந்த முந்திரிப் பேரினக் காய்களின் புதைபடிவங்கள் கிடைத்து 2007-இல் விவரிக்கப்பட்டன. முந்திரிக் கிளையும் பிஸ்தாக் கிளையும் பிரிந்தது அதற்கும் முன்பு என்று குறைந்தபட்ச எல்லையாக அதை வைக்கலாம். பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் இங்கே முந்திரியைக் கொண்டுவந்த 16-ஆம் நூற்றாண்டுக் கதைக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. பேரினம் ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் இருந்து அங்கே அழிந்துபோனது.

ஒரே தாவரத்தின் அடுத்தடுத்த நகல்கள் மரத்தில் ஒரே கொத்தாக வந்தால் உடனே ‘புதிய நகலெடுப்பு’ என்று எழுத வேண்டாம். பக்கத்துப் பக்கத்து நகல்கள் தமக்குள் வரிசையைப் பரிமாறிக்கொண்டு ஒரே மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. ஜீன் கன்வெர்ஷன் என்பார்கள். மரபணுவின் முற்பாதிக்கு ஒரு மரம், பிற்பாதிக்கு ஒரு மரம் போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு உறவைக் காட்டினால் அங்கே பரிமாற்றம் நடந்திருக்கிறது.

முந்திரியிலிருந்து நேரடியாக மரபணுவைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு: முற்றிய இலை வேண்டாம், ஃபீனால் மிகுந்து கரைசல் பழுப்பாகிவிடும், பிசிஆர் (மரபணுவைப் பெருக்கும் முறை) நடக்காது. செம்பழுப்பு மாறாத தளிர் இலை, 2 சதவீத சிடிஏபி (செல்லை உடைக்கும் சலவைப்பொருள்), 1.4 மோலார் உப்பு, ஃபீனாலைப் பிடிக்கும் பிவிபியும் பீட்டா மெர்காப்டோ எத்தனாலும் சேர்த்து 65 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் சுத்தமாக வரும். ஆர்என்ஏ வேண்டுமென்றால் கடைப் பருப்பில் தேடிப் பயனில்லை. சேமிப்புப் புரத மரபணு இயங்குவது காய் பச்சையாக, பருப்பு கெட்டிப்படும் பருவத்தில்.

ஆலைத் தொழிலாளர்களின் கைப்புண் பற்றியும் ஒரு வார்த்தை. அண்டி உடைக்கும் பெண்களின் விரல் வெந்துபோவதை ‘முந்திரி அலர்ஜி’ என்று எழுதுகிறார்கள். ஓட்டிலுள்ள எண்ணெயின் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் செய்யும் வேலை அது. ஃபீனால் வகைப் பொருள்கள், புரதமே அல்ல. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் பொரிவதும் இந்த உறவுப் பொருள்களால்தான். இதற்குக் கையுறையும் எண்ணெய்ப் பூச்சும் தேவை. மேலே சொன்ன ஐஜிஇ ஒவ்வாமையோ சில நிமிடத்தில் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு முட்டும் வகை. அதற்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. செட்ரிசின் மாத்திரையை விழுங்கவைத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. ரப்பர் பால் வெட்டுபவர்களில் சிலருக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாமல் போவது இன்னொரு மரபணுக் குடும்பம்; ரப்பர் பாலின் ஹெவீன் புரதமும் வாழைப்பழத்தின் கைட்டினேஸும் பங்கிடும் ஒரு துண்டால் வருவது. அதை முந்திரியோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

லேபிளுக்கு வருகிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள், பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே அறிவிக்கச் சொல்கின்றன. நிலக்கடலையும் மரக்கொட்டைகளும் அதில் ஒரே இனமாகச் சேர்ந்தே வருகின்றன. பேக்கரிக்காரர்களும் மிட்டாய்க் கடைக்காரர்களும் ‘கொட்டைகள் உள்ளன’ என்று மொட்டையாக அச்சிடுவதால் முந்திரி ஆகாத வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. ‘முந்திரி உள்ளது’, ‘பிஸ்தா கலந்திருக்கலாம்’ என்று பெயர் சொல்லி அச்சிட வேண்டும். ஒரே பலகையில் முந்திரி நறுக்கி, துடைக்காமல் பாதாம் நறுக்கினால் பாதாம் பாக்கெட்டிலும் அதைச் சொல்ல வேண்டும். பிஸ்தா என்ற பெயரில் பச்சை நிறமேற்றிய நிலக்கடலைத் துருவல் தூவுவது சில இடங்களில் நடக்கிறது. முந்திரி ஆகாதவர் தப்பிக்கலாம், கடலை ஆகாதவர் மாட்டிக்கொள்வார். ஓட்டல் வெள்ளைக் குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுவது யாருக்கும் கண்ணில் படாது; பரிமாறுபவரிடம் கேட்டால் ‘தெரியாது’ என்பார், சமையல்காரரிடமே கேளுங்கள். நம்மூர் முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு கிடையாது, சிறுபயறும் கருப்பட்டியோ வெல்லமோதான்; கடையில் அதைப் பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் மிஞ்சும், நன்கு சுத்திகரித்ததில் மிகக் குறைவு. கடலை ஒவ்வாமை உள்ள வீடுகள் இதையும் கவனிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வாமை பற்றிய பதில்களில் ‘கொட்டைகள்’ என்று பொதுவாக எழுதாமல், முந்திரியும் பிஸ்தாவும் ஒரு வரியில், அக்ரூட்டும் பெக்கனும் ஒரு வரியில், பாதாம் தனியே, நிலக்கடலை தனியே, தேங்காய் தனியே என்று அச்சிடுங்கள். ஒன்றுக்கு ஒவ்வாமை உறுதியானவர் மற்றதைச் சாப்பிட்டுப் பார்ப்பதை வீட்டில் செய்யக் கூடாது, மருத்துவமனையில் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும் என்ற வாக்கியமும் ஒவ்வொரு முறையும் உடன் வர வேண்டும். பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் ‘நட் பேனல்’ என்று மொத்தமாகக் கேட்பதோடு, முந்திரி சந்தேகமென்றால் ஆனா ஓ 3, அக்ரூட் என்றால் ஜக் ஆர் 1, நிலக்கடலை என்றால் ஆரா எச் 2 என்று புரதத்தின் பெயரையும் சீட்டில் குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
தாவரவியல், உயிர்வேதியியல் ஆசிரியர்கள் சிலர்
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்